யாரும் கேட்காதவை

“இப்ப ஐயாகிட்ட எதையாவது கேளுங்கம்மா, பட்டுனு பதில் வரும்,” என்றான் கருவியைப் பராமரிக்க வந்த எழில்.

பக்கவாதத்துக்குப் பிறகு தணிகாசலத்தின் நினைவுகள் மூளையோடு இணைத்த தரவுத்தளத்தில்தான் இருந்தன. ஒவ்வொரு பதிலுக்கும் அவர் திணறியதால், இதுவரை யாரும் கேட்காதவற்றைத் தேடாமல் விட்டுவிடும்படி, நினைவுகளைத் தேடியெடுக்கும் வினவலை எழில் மாற்றி எழுதியிருந்தான்.

மனைவி செண்பகம் கல்யாணம் நடந்த ஊரைக் கேட்டாள், பிடித்த குழம்பைக் கேட்டாள். பதில்கள் நொடியில் வந்தன.

“என்ன, பாஸா?” என்று அவர் சிரித்தார்.

இறந்துபோன மகளின் பெயரை அந்த வீட்டில் யாரும் எடுப்பதே இல்லை. அது உறைத்ததும் செண்பகம் அவசரமாகக் கேட்டாள்.

“நம்ம தேன்மொழி…”

“யாரு, உங்க அக்கா பொண்ணா?”

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. செண்பகம் எழிலின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பழையபடி மெதுவாவே ஆக்கிடு, தம்பி.”