திஹானாவின் கடைசித் தேர்வு

மார்க் விஷயமாக எந்தப் பேராசிரியரிடமும் வாயைத் திறக்காதே என்று சொல்லித்தான் அம்மா அவளை குரோவேஷியத் தலைநகர் ஸாக்ரெபுக்குப் படிக்க அனுப்பியிருந்தாள். நான்கு வருஷம் அடங்கிக் கிடந்த திஹானா, கடைசி வாய்மொழித் தேர்வு முடிந்ததும் திறந்தாள்.

“என்னை ஃபெயில் பண்ணிடுங்க சார்.”

பேராசிரியர் மட்கோவிச்சின் பேனா நின்றது. “எல்லாக் கேள்விக்கும் பளிச்சுனு பதில் சொன்னியே! அஞ்சுக்கு அஞ்சு போடப்போறேன்.”

“எனக்கு வேண்டாம். கொடுக்கிற மார்க்கை மறுத்துட்டு மறுபடி தேர்வுக்கு வரலாம்னு விதியே இருக்கு.”

“ஏன், காதலன் இன்னும் பாஸாகலையா? அவனுக்குத் துணைக்கு இருக்கப்போறியா?”

“காதலிக்க ஏது சார் நேரம்? காலேஜ் விட்டா காபிக்கடை. எங்க வீட்டுல சம்பளம்னு வர்றது என்னோடது ஒண்ணுதான்.”

“அதுக்குத்தான் சொல்றேன், அசடு! உங்க குடும்பத்துலயே முதல் பட்டதாரி நீ. இனிமேலும் காபி மெஷின் முன்னால நின்னு பாலை நுரைக்க வச்சுக்கிட்டு இருக்காம, படிப்புக்கேத்த வேலைக்குப் போ.”

“போன வருஷம் முதல் ரேங்க் வாங்கினாளே நீவெஸ், அவ எங்க இருக்கான்னு தெரியுமா?”

“ஏதாவது பெரிய கம்பெனியில இருப்பா.”

“நேத்து எங்க கடைக்கு வேலை கேட்டு வந்தா. மாணவின்னா முதலாளிக்கு வரி கம்மி. அதனால படிக்கிறவங்களை மட்டும்தான் வைப்பாரு. படிப்பு முடிஞ்ச அன்னிக்கே வெளியே போயிடணும். பட்டம் வாங்கினவளுக்கு இங்க இடமில்லன்னு அவளைத் திருப்பி அனுப்பினதே நான்தான் சார்.”



மறுப்புத் தாளில் கையெழுத்துப் போட்டு மட்கோவிச் முன்னால் வைத்துவிட்டு, மூணு மணி ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதால் திஹானா வேகமாக வெளியே நடந்தாள்.