பியானோவுக்கு ஒரு முன்னேற்பாடு

மேடைக்குப் பின்பக்கம் யாரும் இல்லை என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு, சின்னசாமி தன் சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்து மைக்செட் கோதண்டத்தின் கையில் திணித்தார்.

"அம்மா வந்து பியானோ எதிர்ல குந்துனதும் இதப் போட்டு உட்டுடு. அவ வாசிக்கிற சத்தம் ஒரு பொட்டு வெளிய வரக்கூடாது. புரிஞ்சிதா?"

"அம்மாவுக்குத் தெரியுங்களா முதலாளி?"

"தெரிஞ்சா உடுவாளா? சொன்னதச் செய்யி."

திருத்தணி மலையடிவாரத்துக் கல்யாண மண்டபம். அன்று சாயங்காலம் அவருடைய ஒரே மகள் கவிப்பிரியாவுக்கு வரவேற்பு. பொதட்டூர்பேட்டையில் பவர்லூம் போட்டு லுங்கி நெய்து விற்கிற சின்னசாமிக்கு, சென்னையில் பெரிய இடத்துச் சம்பந்தம் அமைந்ததில் தலைகால் புரியாத பெருமை. அந்தப் பெருமைக்குத்தான் மனைவி அம்சாவின் பியானோ வினையாக வந்து சேர்ந்தது.

அம்சாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மகள் வேலைக்குப் போனதும் வீடு வெறிச்சோடிவிட்டதென்று, வாரம் இரண்டு நாள் பஸ் ஏறித் திருத்தணிக்கு வந்து சுதா டீச்சரிடம் பியானோ கற்றுக்கொண்டாள். கூடப் படித்ததெல்லாம் இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும். அந்தப் பொடிசுகள் அவளை "அம்சா ஆன்ட்டி, தப்பு" என்று திருத்தும்போது கூச்சப்படாமல் திருத்திக்கொள்வாள்.

வீட்டில் தறிச் சத்தத்துக்கு நடுவே ஒன்றும் கேட்காது. ஒரு சின்ன கீபோர்டை வைத்துக்கொண்டு, காதில் ஹெட்போன் மாட்டித்தான் பழகினாள். ஆகவே எட்டு மாதமாகச் சின்னசாமி கேட்டதெல்லாம் கட்டைகளில் விரல் படுகிற டக் டக் சத்தம் மட்டும்தான். அதை வைத்தே அவர் தீர்ப்பு எழுதிவிட்டார், இவளுக்கு வராது என்று.

"நைனா, ரிசப்ஷன்ல அம்மா வாசிக்கட்டும்" என்று கவிப்பிரியா கேட்டபோது, கல்யாணப் பெண்ணின் ஆசையை மறுக்க அவருக்கு மனசு வரவில்லை. சென்னைக்குப் போய், ஒரு ஸ்டுடியோவில் அம்சா பழகுகிற அதே முருகன் பாட்டை வேறொரு ஆளை விட்டு வாசிக்கச் சொல்லிப் பதிந்துகொண்டு வந்துவிட்டார். "ஐம்பது வயசுப் பொம்பள வாசிக்கிற மாதிரி மெதுவா இருக்கணும்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

அம்சா மேடையேறினாள். சுதா டீச்சர் தன் எலெக்ட்ரிக் பியானோவையே கொண்டுவந்து, சத்தம் ஸ்பீக்கரில் வருகிற மாதிரி மைக்செட்டோடு இணைத்து வைத்திருந்தாள். விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு அம்சா உட்கார்ந்தாள். கட்டைகளில் கையை வைத்தாள். ஒரு சத்தமும் இல்லை. கூட்டம் நெளிந்தது. 'இந்தக் கோதண்டம் தூங்குறானா?' என்று சின்னசாமிக்கு வியர்த்துவிட்டது.

திடீரென்று ஸ்பீக்கரில் பாட்டு எழுந்தது. பந்தியில் இருந்தவர்கள்கூட எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

இரண்டாவது சரணத்தில் ஒரு சுரம் தடுக்கியது. ஒரு மூச்சு நேரம் நின்று, அந்த வரியை முதலிலிருந்து எடுத்து, சரியாக முடித்தது. சின்னசாமிக்கு முதலில் தூக்கிவாரிப்போட்டது. அடுத்த கணம் சிரிப்பு வந்தது. 'ஸ்டுடியோக்காரன் கில்லாடி! நிஜம் மாதிரி தெரியணும்னு தப்பையும் சேர்த்தே வெச்சிருக்கான்!'

பாட்டு முடிந்ததும் மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. பக்கத்து நாற்காலியிலிருந்த சம்பந்தி ராஜகோபால் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சம்பந்தி, நீங்க குடுத்து வெச்சவரு. இந்த வயசுல இப்படி ஒரு ஞானமா! தங்கச்சி கையில சரஸ்வதியே குந்திகினு இருக்கா."

செல்போனைத் தூக்கிக்கொண்டு உறவுகள் எல்லாம் மேடைக்கு ஓடின. சின்னசாமியைத் தாண்டித்தான் ஓடின; ஒருத்தர்கூட அவர் பக்கம் திரும்பவில்லை. இருபத்தேழு வகைச் சாப்பாடு போட்டிருந்தார், வாசலில் பூவாலேயே மயில் செய்து நிறுத்தியிருந்தார். அதைப் பற்றி ஒரு வாய்வார்த்தை இல்லை. எல்லார் வாயிலும் அம்சாதான். தாங்க முடியாமல் அவர் சம்பந்தியின் காதருகே குனிந்தார்.

"வெளிய சொல்லாதீங்க சம்பந்தி. அத அவ வாசிக்கல. மெட்ராஸ்ல ஆளப் புடிச்சி வாசிக்க வெச்சிகினு வந்தேன். இவ சும்மா வெரல ஆட்டிகினு இருந்தா. எல்லாம் நம்ம ஏற்பாடு."

ராஜகோபாலின் முகம் சுருங்கியது. "நடுவுல ஒரு தப்பு வந்துச்சே?"

"ஆங், அதுவும் நாந்தான் வெக்கச் சொன்னேன். பாக்கறவனுக்கு சந்தேகம் வரக்கூடாது பாருங்க!"

ராஜகோபால் தன் மனைவியிடம் குனிந்தார். அந்த அம்மாள் நாத்தனாரிடம் குனிந்தாள். காற்றடித்த நாற்றங்கால் போல் அந்த வரிசை முழுக்கத் தலைகள் சாய்ந்து நிமிர்ந்தன. மேடைப் படியில் அம்சாவோடு போட்டோ எடுக்க நின்ற இரண்டு பேர் மெல்ல நழுவினார்கள்.

அம்சா முகமெல்லாம் பூரிப்பாக இறங்கி வந்து சம்பந்தியம்மாளின் கையைப் பிடித்தாள். அந்த அம்மாள் உதட்டளவில் சிரித்துவிட்டுக் கையை உருவிக்கொண்டாள். அம்சாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவர் மண்டப விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கோதண்டம் மூச்சிரைக்க ஓடி வந்தான். 'அப்புறம் வா' என்று சின்னசாமி கண்ணைக் காட்டியதை அவன் கவனிக்கவே இல்லை. மைக்செட்காரனுக்கே உரிய குரலில் சொன்னான்:

"கோச்சிக்காதீங்க முதலாளி, வேற வழியில்லாம அம்மா வாசிச்சதையே சத்தமா வெச்சி உட்டுட்டேன், நீங்க குடுத்த பென்டிரைவ்ல வெறும் லுங்கி டிசைன்தாங்க இருந்துச்சி!"