பச்சைச் சரிவு

திரையில் அந்த மலைச்சரிவு பச்சையாக இருந்தது.

அவள் அதைச் சிவப்பில் விட்டுவிட்டுத்தான் விடுப்பில் போயிருந்தாள்.

பச்சை என்றால் நிலம் அசையவில்லை. சிவப்பு என்றால் இறங்கிக்கொண்டிருக்கிறது.

அறிக்கையின் கடைசிப் பக்கத்துக்குப் போனாள்.

'அசைவு இல்லை. குடியிருப்போர் வீடு திரும்பலாம்.'

கீழே ஒரே ஒரு கையெழுத்து. அவளுடையது.

அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்த அன்று அவள் அனுப்பிய கையெழுத்து. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தபோது அலுவலகத்திலிருந்து ஞானவேல் சார் போனில் கூப்பிட்டார். "நீ எழுதினதுதாம்மா, அப்படியே போகுது. கையெழுத்தை மட்டும் அனுப்பிவிடு. நீ அப்பாவைக் கவனி."

அனுப்பினாள். திரும்ப ஒருமுறை படிக்கத் தோன்றவில்லை. ரேடார் படத்தைப் படிக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

அவரிடம் பதினொரு வருடம்.

பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை செயற்கைக்கோள் கருக்குமலைக்கு மேலே போகும். மேகம் மூடியிருந்தாலும் அதற்குத் தரை தெரியும். தேயிலைச் செடிகள் காற்றில் ஆடி ரேடாரைக் குழப்பும் என்பதால், உச்சி வீட்டின் பின்னால் ஓர் அலுமினியத் தட்டி நட்டிருந்தாள். படத்தில் அது ஒரு வெள்ளைப் புள்ளி. மூன்று மாதத்தில் அந்தப் புள்ளி நாற்பத்தொரு மில்லிமீட்டர் கீழே வந்திருந்தது. அதில் பத்தொன்பது, கடைசிப் பன்னிரண்டு நாளில்.

அதைப் பார்த்துத்தான் எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு மாற்றச் சொன்னாள்.

நேற்று வந்த படத்தை இறக்கினாள். கணக்கிட்டாள்.

இந்தப் பன்னிரண்டு நாளில் இருபத்தாறு.

ஞானவேல் சார் அறையில் தனியாக இருந்தார். அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"கீழே ரோடு அகலப்படுத்தற வேலை நின்னு கிடக்கும்மா. மேலேயிருந்து தினமும் போன்."

"உங்க கையெழுத்தைப் போட்டிருக்கலாமே சார்."

"அந்த ஊர்ல என்னை யாருக்குத் தெரியும்? நீ சொன்னாத்தானே நம்புவாங்க."

அமைதியாகத்தான் சொன்னார். அவளுக்குப் பாடம் சொன்ன அதே குரல்.

கலெக்டர் அலுவலகத்துக்குச் சிவப்புப் படத்தை அனுப்பிவிட்டுப் போன் செய்தாள். கையெழுத்தான அறிக்கை ஏற்கெனவே வந்துவிட்டதே என்றார்கள். மாற்றுவதென்றால் துறைத் தலைவர் கடிதம் வேண்டும்.

துறைத் தலைவர் ஞானவேல் சார்.

அவள் பஸ் ஏறினாள்.

கருக்குமலையில் இறங்கும்போது மணி நாலு. சாரல். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாய்கள், பாத்திரங்கள், படுத்திருந்த வயசானவர்கள், எதுவும் யாரும் இல்லை. மேலே தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் புகை எழும்பியது.

ரேஷன் கடைக் கதவில் அறிக்கையை ஒட்டியிருந்தார்கள். மழை படாமல் பாலித்தீன் உறை போட்டு.

உச்சி வீட்டு அமலோற்பவம் வாசலில் கொழுந்துக் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். அலுமினியத் தட்டிக்கு இடம் விட்டவள். அதற்காகத் துணிக்கொடியை அவிழ்த்து வேறு பக்கம் கட்டியவள்.

"அக்கா, எல்லாரும் இப்பவே கீழே போகணும்."

"எதுக்கு மேடம்? சரியாயிடுச்சின்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"அது நான் எழுதினது இல்லை. மாத்திட்டாங்க."

"கையெழுத்து?"

"என்னோடது."

அமலோற்பவம் கூடையை ஓரமாகத் தள்ளினாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாயிருக்கும்.

"நீங்க சொல்லித்தான் போனோம். பதினெட்டு நாள், ஒரே ஹாலு, நாப்பது பேரு. நீங்க சொல்லித்தான் திரும்பி வந்தோம். இப்ப இன்னொரு பேப்பரோட வந்து நிக்கிறீங்க. எதை நம்பறது?"

கையில் இருந்த படத்தை நீட்டினாள். அமலோற்பவம் வாங்கவில்லை. சாரலில் சிவப்பு கரைந்து விரலில் ஒட்டியது.

"நனையாதீங்க. உள்ளே வாங்க."

பின்சுவரை ஒட்டி நாற்காலி போட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் மலை. அமலோற்பவத்தின் மகள் ஜெசிந்தா டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அவள் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். ஆஸ்பத்திரி, கையெழுத்து, சார், கலெக்டர் ஆபீஸ். சொல்லச் சொல்ல, அவள் காதுக்கே அது யாரோ சோடித்த கதை மாதிரி கேட்டது.



மேலே எங்கோ ஒரு கல் உருண்டது. மழைக்காலத்தில் கல் உருள்வது அங்கே சாதாரணம்.

பேச்சை நிறுத்தியபோதுதான் அவள் கவனித்தாள். நாற்காலி காலியாக இருந்தது. அவள் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கால் வெளியே. கையில் டீ தளும்பிக்கொண்டிருந்தது.

எப்போது எழுந்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அமலோற்பவம் காலி நாற்காலியைப் பார்த்தாள். படிக்கு வெளியே இருந்த அந்தக் காலைப் பார்த்தாள். பிறகு, வெகு நேரம், பின்சுவரை.

"ஜெசிந்தா," என்றாள். "அடுப்பை அணைச்சிட்டு வா. ஒவ்வொரு வீடாப் போய்ச் சொல்லணும்."