எண்பத்தொரு சதவீதம்

தையல்கடைக்காரி பவுலின், மடிக்கணினியோடு விசாரணை அலுவலகத்துக்கு வந்தது அது மூன்றாவது முறை. கடைக்கு எதிரே இருந்த கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய அவள் தம்பி திரும்பி வரவில்லை. அன்றைக்குக் கடையின் கேமராவில் பதிவானது முழுவதும் மடிக்கணினிக்குள் இருந்தது. அதிகாரியின் கணினியில் ஏறிக்கொண்டிருந்த பதிவு எண்பத்தொரு சதவீதத்தில் மறுபடியும் நின்றது. நினைவகம் போதவில்லை என்றது திரை.

"இவ்ளோ பெரிய ஃபைலை எங்க சிஸ்டம் தாங்காதும்மா. கடைசிப் பத்து நிமிஷத்தை மட்டும் வெட்டிக் கொண்டாங்க" என்றார் அதிகாரி.

கடைசிப் பத்து நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்திருந்தது. தம்பியை வேலைக்கு இறக்கிய காண்ட்ராக்டர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அதற்கு முன்னால் முழுக்க, அதே ஆள் தொட்டியருகே நின்று போன் பேசிக்கொண்டிருந்தார்.

"நாலு மணி நேரம் உள்ள கெடந்தான் சார். அதுல எதை வெட்டட்டும்?"

அதிகாரி சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பிப் பதிவை முதலிலிருந்து ஓடவிட்டாள். நாற்காலியை இழுத்துக் கதவை மறித்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சிஸ்டத்துக்குத்தான சார் எடமில்ல. நீங்க பாருங்க."

அவர் மெல்ல உட்கார்ந்தார். திரையில் தம்பி சட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தான்.