ரிலேயின் சத்தம்

மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் அந்தி இருள் பரவ, நீரஜா தனியே உட்கார்ந்திருக்கிறாள். சுவரில் கணவன் அச்யுத் பொருத்திவிட்டுப் போன ரிலே பெட்டி இருக்கிறது. புனேயிலிருந்து அவன் கைப்பேசியைத் தொட்டால் அதற்குள் ஐந்து வோல்ட் மின்சாரம் பாயும்; அந்தத் துளி மின்சாரம் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிட, கூடத்து விளக்கு எரியும். "எரிஞ்சுது" என்று இவள் செய்தி அனுப்புவாள். அன்றைய பேச்சு அத்தோடு சரி. இப்போது 'டிக்' என்கிறது ரிலே. கூடம் இருட்டாகவே இருக்கிறது. அவள் செய்தி அனுப்பவில்லை. மறுபடி 'டிக்', 'டிக்'. பிறகு கைப்பேசி அடிக்கிறது.

"என்னடி, எரியலையா?"

"சத்தம் வந்தது. வெளிச்சம்தான் வரலை."

"ஒயர் லூஸா இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடேன்."

"வேண்டாம். நீயே வந்து பாரு."

மடியில் கழற்றி வைத்திருக்கும் பல்பை அவள் விரல்கள் மூடிக்கொள்கின்றன.