நீலமும் ஆரஞ்சும்

“பச்சைன்னா ஏத்தம், சிவப்புன்னா இறக்கம். உலகமே அப்படித்தான் பார்க்குது. நம்ம மேடத்துக்கு மட்டும் நீலமும் ஆரஞ்சும் வேணுமாம்!”

பங்குத் தரகு ஆபீஸில் காலையிலேயே கச்சேரியைத் தொடங்கிவிட்டார் ‘ரேடியோ’. வாய் ஓயாததால் வந்த பெயர்.

விலை வரைபடத்துக்குக் கீழே, எத்தனை பங்குகள் கைமாறின என்று காட்டும் வால்யூம் பட்டைகள் எல்லாக் கம்ப்யூட்டரிலும் நிறம் மாறியிருந்தன. மேனேஜரம்மாவே மேஜை மேஜையாக வந்து செட்டிங்ஸை மாற்றியிருந்தார். யாரும் திரும்ப மாற்றக் கூடாது என்று உத்தரவு வேறு.

“அவங்க ஹேண்ட்பேகுக்கு மேட்ச்சா இருக்கணும்போல!”

எல்லோரும் சிரித்தார்கள்.

“சிரிச்சா போதுமா? யாராவது போய்க் கேளுங்களேன்.”

“நீங்கதானே குதிக்கறீங்க, நீங்களே போங்க.”

மாட்டிக்கொண்ட ரேடியோ, மேனேஜர் அறைக் கதவைத் தட்டினார்.

“மேடம், புதுக் கலர் யாருக்கும் பிடிக்கலை. உங்க ஸ்கிரீன்ல மட்டும் வெச்சுக்கலாமே?”

“எனக்கும் பிடிக்கலை.”

“அப்புறம் ஏன் மேடம்?”

“கதவைச் சாத்துங்க” என்றார் மேனேஜரம்மா. “நம்ம ஆள் ஒருத்தருக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரிதான் தெரியுது. எப்படியோ சமாளிச்சுட்டு வந்திருக்கார். போன வாரம், பட்டையோட நிறத்தைப் பார்த்து, எல்லாரும் விக்கறப்போ வாங்கறாங்கன்னு நினைச்சு, கஸ்டமருக்குச் சொல்லப் போயிட்டார். நல்லவேளை, நான் பக்கத்துல நின்னேன். மேலிடத்துக்குத் தெரிஞ்சா வேலைக்கே வேட்டு வெச்சுடுவாங்க. வீட்ல அவர் ஒருத்தர் சம்பாத்தியம்தான்.”



“ஐயோ... யார் மேடம் அது? அவருக்கு மட்டும் மாத்திக் கொடுத்திருக்கலாமே?”

“அவருக்கு மட்டும் மாத்தியிருந்தா, யாருன்னு நீங்க என்னைக் கேக்கவே வேண்டியிருந்திருக்காது.”

ரேடியோ வெளியே வந்தார். அத்தனை தலைகளும் திரும்பின. ஒவ்வொரு முகமாகப் பார்க்க ஆரம்பித்தவர், சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

“என்னாச்சு? பழைய கலர் எப்ப வரும்?”

“வராது” என்றார் ரேடியோ. “மேடம் மாத்திடறேன்னுதான் சொன்னாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன். யாரையாவது திட்டணும்னா, இனிமே என்னைத் திட்டுங்க.”