தொட்டிக்குப் பக்கத்து மேசை

தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஹட்டனில் ஒரு பட்டப்படிப்பு நிலையத்தில் இரசாயனம் கற்பித்த சிவகௌரி, எப்படிச் சொல்லிக்கொடுத்தால் மாணவர்களுக்கு நன்றாக விளங்குகிறது என்று ஆய்வு செய்துகொண்டிருந்தாள். ஆய்வுகூடத்தில் தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்து மேசைப் பிள்ளைகள் மட்டும் எல்லாப் பரீட்சையிலும் முந்தினார்கள். அங்கே போத்தல் கழுவும் ஜெயந்தினி அவர்களோடு குசுகுசுப்பதை அவள் பலமுறை கண்டிருந்தாள். வினாத்தாளைப் படியெடுப்பதும் ஜெயந்தினிதான்.

சிவகௌரி அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்கோ. பிள்ளைகளுக்கு விடையைச் சொல்லிக் குடுக்கிறீங்களோ?"

ஜெயந்தினி கையிலிருந்த போத்தலைக் கீழே வைத்தாள். "ஐயோ மிஸ், நான் எட்டாம் வகுப்போட கொழுந்து பறிக்கப் போனவ. எனக்கு என்னங்க தெரியும்?"

"அப்ப என்ன கதைக்கிறனீங்கள்?"

"இது ஏன் செவப்பாச்சு, அத ஏன் சொட்டுச்சொட்டா ஊத்துறீங்கன்னு கேப்பேங்க. எனக்குப் புரியிற வரைக்கும் விடமாட்டேன். பாவம், அதுங்களும் யோசிச்சு யோசிச்சுச் சொல்லுதுங்க. வேலையை விட்டுத் தூக்கிறாதீங்க மிஸ், இனிமே கேக்க மாட்டேன்."

மூன்று மாதமாகத் தேடியது கைக்கு வந்துவிட்டது என்று சிவகௌரிக்குப் புரிந்தது.

"கேக்கவேணும். நாளையிலிருந்து எல்லா மேசைக்கும் போய்க் கேளுங்கோ."

"அப்ப போத்தல யாருங்க கழுவுறது?"

"நான் கழுவுறன்."